வீட்டுக் கணினிக்குள் வைரஸ் வருவது எப்படி? வராமல் தடுப்பது எப்படி?



"கம்ப்யூட்டர்ல வைரஸ் வந்துடுச்சு" என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். ஆனா அது எந்த வழியா வந்தது என்று கேட்டால் பாதிப் பேர் முழிக்கிறோம். வந்த வழி தெரியாவிட்டால் அடைக்கும் வழியும் தெரியாது, இல்லையா? கணினி அறிவியல் பிரிவில் படிக்கும் மாணவி என்பதால், நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் வீட்டில் செய்து பார்த்ததையும் இந்தச் சுவர் இதழில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். இடைவேளையில் பாதி, சாப்பாட்டு நேரத்தில் மீதி என்று படித்துவிடுங்கள்!

வைரஸ் வேறு, வார்ம் வேறு

இரண்டையும் ஒன்றாகவே நினைக்கிறோம். இரண்டுமே யாரோ ஒருவர் எழுதிய புரோகிராம்தான். தன்னைத்தானே நகல் எடுத்துக்கொள்வது இரண்டுக்கும் பொதுவான குணம். ஆனா பரவும் விதம் வேறு.

வைரஸ் என்பது இன்னொரு ஃபைலிலோ டிஸ்க்கிலோ ஒட்டிக்கொண்டு வரும். அந்த ஃபைலை யாராவது திறந்தால்தான் அதற்கு உயிர் வரும். அதாவது, அதற்கு நம்ம கை தேவை.

வார்ம் என்றால் புழு. அதற்கு நம்ம கை தேவையில்லை. நெட்வொர்க் வழியாக ஒரு கணினியிலிருந்து அடுத்த கணினிக்குத் தானே ஊர்ந்து போகும். நாம் எதையும் கிளிக் செய்யாமல், சும்மா கணினியை ஆன் செய்து வைத்திருந்தாலே போதும். அதற்குத் தேவை பூட்டாத ஒரு கதவு.

இந்த வித்தியாசத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வைரஸைத் தடுப்பது நம்ம கையின் பழக்கம். வார்மைத் தடுப்பது அப்டேட். இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் பாதிப் பாதுகாப்புதான். (இரண்டு வழியிலும் வருகிற கலப்பு ஜாதிகளும் உண்டு. அவற்றைத் தடுக்கவும் இதே இரண்டு வழிதான்.)

கை கொடுத்துக் கெட்ட கதை

ஐ.பி.எம். வகைக் கணினிகளில் பரவிய முதல் வைரஸின் பெயர் பிரெயின். 1986-ல் பாகிஸ்தானின் லாகூரில் பாசித், அம்ஜத் ஃபாரூக் ஆல்வி என்ற சகோதரர்கள் எழுதியது. தங்கள் மென்பொருளைத் திருட்டுத்தனமாக நகல் எடுப்பதைத் தடுக்கத்தான் எழுதினோம் என்று பின்னால் சொன்னார்கள். அந்த வைரஸுக்குள் தங்கள் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார்கள்! ஃபிளாப்பி டிஸ்க் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போகப் போக, அதுவும் கூடவே நாடு நாடாகப் போனது.

2000 மே மாதம் பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து 'ஐ லவ் யூ' என்ற தலைப்பில் ஒரு மின்னஞ்சல் கிளம்பியது. கூடவே காதல் கடிதம் என்ற பெயரில் ஒரு ஃபைல். பெயரின் கடைசியில் '.டி.எக்ஸ்.டி.' என்று இருந்ததால் எல்லோரும் அது சாதாரண எழுத்து ஃபைல் என்றே நினைத்தார்கள். உண்மையில் அதற்குப் பின்னால் '.வி.பி.எஸ்.' என்று இன்னொரு வால் இருந்தது. அது ஒரு புரோகிராம். விண்டோஸ் அந்தக் கடைசி வாலை மறைத்துவிட்டதால் பலருக்கும் தெரியவில்லை. திறந்தவுடன் முகவரிப் புத்தகத்தில் இருந்த எல்லோருக்கும் தன்னையே அனுப்பியது. கணினியில் இருந்த புகைப்பட ஃபைல்களின் மேல் தன்னை எழுதி அழித்தது. தெரிந்தவரிடமிருந்து வந்த கடிதம் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நெட்வொர்க் வழியாகப் பரவியதால் இதை வார்ம் என்றுதான் வகைப்படுத்துகிறார்கள். ஆனாலும் ஒவ்வொரு கணினியிலும் அதைத் திறந்துவிட்டது ஒரு மனிதக் கைதான்.

இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். இன்றைக்கும் விண்டோஸ் அந்த வாலை மறைத்தே வைக்கிறது. 'போட்டோ.ஜே.பி.ஜி.' என்று தெரியும் ஃபைல் உண்மையில் 'போட்டோ.ஜே.பி.ஜி.இ.எக்ஸ்.இ.' ஆக இருக்கலாம். வாலைக் காட்டச் சொல்வது ஒரு நிமிட வேலை. விண்டோஸ் 11-ல் ஃபைல் எக்ஸ்புளோரரைத் திறந்து 'வியூ', அதில் 'ஷோ', அதில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்'. விண்டோஸ் 10-ல் 'வியூ'வைத் திறந்தாலே அந்தப் பெயரில் ஒரு கட்டம் இருக்கும், டிக் போட்டால் போதும்.

அக்காவின் பென் டிரைவ்

எங்கள் வீட்டில் நடந்தது இது. கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும் என் அக்கா, புராஜெக்ட் ரிப்போர்ட்டை பிரின்ட் எடுக்க ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். மறுநாள் காலையில் சமர்ப்பிக்க வேண்டும். வீட்டுக்கு வந்து பென் டிரைவைச் செருகிப் பார்த்தால் ஃபோல்டர் எல்லாம் இருக்கிறது, ஆனா ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு சின்ன அம்புக்குறி! அளவைப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஓரிரண்டு கே.பி.தான். "நாலு மாச உழைப்பு போச்சுடி!" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். அம்மா ஒரு பக்கம் "திரும்ப டைப் பண்ணிடலாம், அழாதே" என்கிறார். எண்பது பக்கம்!

இதற்குப் பெயர் ஷார்ட்கட் வைரஸ். உண்மையான ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் பொய்யான ஷார்ட்கட்களை வைக்கும். நாம் அதைக் கிளிக் செய்தால் முதலில் வைரஸ் ஓடும், பிறகு உண்மையான ஃபோல்டரையும் திறந்து காட்டும். அதனால் நமக்குச் சந்தேகமே வராது. இங்கேயும் பாருங்கள், அதற்கு நம்ம கைதான் தேவைப்படுகிறது.

நாங்கள் எதையும் கிளிக் செய்யவில்லை. முதலில் பென் டிரைவ் முழுவதையும் ஆன்டிவைரஸால் ஸ்கேன் செய்தோம். பிறகு ஃபைல் எக்ஸ்புளோரரில் 'ஹிடன் ஐட்டம்ஸ்' என்பதை டிக் செய்தோம். அப்போதும் வரவில்லை. ஃபோல்டர் ஆப்ஷன்ஸ் உள்ளே போய் 'ஹைட் புரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்ற டிக்கை எடுத்ததும், மங்கலான நிறத்தில் எல்லா ஃபோல்டரும் வந்துவிட்டன. அவற்றைக் கணினிக்கு நகல் எடுத்துக்கொண்டு, பென் டிரைவை ஃபார்மட் செய்தோம். அக்கா மறுநாள் ரிப்போர்ட்டைக் கொடுத்துவிட்டாள்.

கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு நாளைக்கு எத்தனையோ பேர் கொண்டுவரும் பென் டிரைவ்களை ஒரே கணினியில் செருகுகிறார். யார் கொண்டுவந்தது என்று அவருக்கும் தெரியாது. அக்காவுக்கு நடந்தது மறைக்கும் வகை வைரஸ் என்பதால் தப்பித்தோம். அழிக்கும் வகையாக இருந்திருந்தால்?

கதவைத் தேடும் புழு

இனி வார்ம். நம்ம கை இல்லாமல் அது எப்படி உள்ளே வருகிறது?

நெட்வொர்க்கில் இருக்கும் கணினியை ஒரு பெரிய வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு 0 முதல் 65,535 வரை எண் போட்ட கதவுகள். இவற்றைப் போர்ட் என்கிறோம். பெரும்பாலானவை மூடியே இருக்கும். சில கதவுகளுக்குப் பின்னால் ஒரு புரோகிராம் உட்கார்ந்து, வெளியிலிருந்து யாராவது ஏதாவது கேட்டால் பதில் சொல்லும். அந்தப் புரோகிராமில் ஒரு பிழை இருந்தால் அதுதான் பூட்டாத கதவு.

என்ன பிழை? நாம் விண்ணப்பப் படிவம் நிரப்பும்போது பெயருக்கு இருபது கட்டம் கொடுத்திருப்பார்கள். ஒருவர் இருநூறு எழுத்து எழுதினால் என்ன ஆகும்? பக்கத்தில் இருக்கும் பிறந்த தேதி, முகவரி எல்லாவற்றின் மேலும் எழுத்து வழிந்துவிடும். கணினியின் நினைவகத்திலும் அப்படியே. வருகிற செய்தியின் நீளத்தைச் சரிபார்க்காத புரோகிராமுக்கு வார்ம் வேண்டுமென்றே நீளமான செய்தியை அனுப்பும். வழிந்த பகுதி பக்கத்து இடத்தில் போய் விழும். கணினி அதைக் கட்டளை என்று நினைத்து நிறைவேற்றிவிடும். அவ்வளவுதான், வார்ம் உள்ளே வந்தாச்சு. இந்தப் பிழைக்கு பஃபர் ஓவர்ஃப்ளோ என்று பெயர்.

1988 நவம்பர் 2-ஆம் தேதி அமெரிக்காவில் ராபர்ட் மோரிஸ் என்ற 22 வயது ஆராய்ச்சி மாணவர் விட்ட வார்ம், பயன்படுத்திய வழிகளில் இதுவும் ஒன்று. அது எந்த ஃபைலையும் அழிக்கவில்லை. ஆனா ஒரே கணினிக்குள் திரும்பத் திரும்ப நுழைந்ததால் கணினிகள் திணறி நின்றுவிட்டன. அப்போது இணையத்தில் இருந்தவை சுமார் 60,000 கணினிகள். அதில் சுமார் 6,000 பாதிக்கப்பட்டதாக மதிப்பிட்டார்கள். மோரிஸுக்கு மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணி நேர சமூக சேவையும், 10,050 டாலர் அபராதமும் கிடைத்தது.

பூட்டு முன்னாலேயே வந்தது!

இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். ஒவ்வொரு பெரிய வார்மும் எப்போது வந்தது, அந்தப் பிழையைச் சரிசெய்யும் பேட்ச்சை மைக்ரோசாஃப்ட் எப்போது கொடுத்தது என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன்.

• ஸ்லாமர்: பேட்ச் 2002 ஜூலை. வார்ம் 2003 ஜனவரி 25. இடைவெளி ஆறு மாதம்.
• பிளாஸ்டர்: பேட்ச் 2003 ஜூலை 16. வார்ம் ஆகஸ்ட் 11. இடைவெளி 26 நாள்.
• சாசர்: பேட்ச் 2004 ஏப்ரல் 13. வார்ம் ஏப்ரல் 30. இடைவெளி 17 நாள்.
• கான்ஃபிக்கர்: பேட்ச் 2008 அக்டோபர் 23. வார்ம் அடுத்த மாதமே.
• வான்னாகிரை: பேட்ச் 2017 மார்ச் 14. வார்ம் மே 12. இடைவெளி 59 நாள்.

ஐந்திலும் திருடன் வருவதற்கு முன்னாலேயே பூட்டு வந்துவிட்டது! வாங்கி மாட்டாதவர்கள் வீட்டில்தான் திருட்டு. அதைவிட இன்னொரு விஷயம்: பேட்ச் வெளியானதும் அதைப் பிரித்துப் பார்த்து, எந்தக் கதவில் பிழை என்று வார்ம் எழுதுபவரும் கண்டுபிடித்துவிடலாம். ஆகவே அப்டேட் வந்த நாளிலிருந்து நமக்கும் அவருக்கும் ஓட்டப்பந்தயம். 'ரிமைன்ட் மீ லேட்டர்' என்று நாம் தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் அவர் ஓடுகிறார், நாம் நிற்கிறோம்.

வார்ம் எவ்வளவு வேகம் தெரியுமா? ஸ்லாமரின் மொத்த அளவே 376 பைட். யூனிகோடில் தமிழ் தட்டச்சு செய்தால் இரண்டு வரிக்கு மேல் வராது. அது வீட்டுக் கணினிகளைவிட டேட்டாபேஸ் சர்வர்களைத்தான் தாக்கியது. ஆனால் ஆரம்பத்தில் 8.5 விநாடிக்கு ஒருமுறை இரண்டு மடங்கானது. தாக்கக்கூடிய கணினிகளில் பத்தில் ஒன்பதைப் பத்தே நிமிடத்தில் பிடித்துவிட்டது. வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது இங்கே நடக்காத காரியம்.

வீட்டுக் கணினிகளை ஆட்டிவைத்தது பிளாஸ்டர். நெட் இணைத்தால் போதும், 60 விநாடி எண்ணிக்கை காட்டிக் கணினி தானே அணைந்துவிடும். திரும்ப ஆன் செய்தால் திரும்பவும் அதே கதை. விண்டோஸ் எக்ஸ்.பி.யில் ஃபயர்வால் இருந்தது, ஆனா ஆஃப் செய்த நிலையிலேயே கொடுத்திருந்தார்கள். 2004 ஆகஸ்டில் வந்த சர்வீஸ் பேக் 2-க்குப் பிறகுதான் அது தானாகவே ஆன் ஆக இருந்தது.

வான்னாகிரை இன்னும் கொடுமை. உள்ளே வந்து எல்லா ஃபைலையும் சங்கேத எழுத்தாக மாற்றிப் பூட்டிவிட்டு, 300 டாலர் பிட்காயினாகக் கொடுத்தால் திறப்பேன் என்றது. மூன்று நாளில் கொடுக்காவிட்டால் இரட்டிப்பு. சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான கணினிகள். பிரிட்டனில் மருத்துவமனைக் கணினிகள் முடங்கி, அறுவை சிகிச்சைகளைக்கூடத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. பணம் பறிக்கும் இந்த வகைக்கு ரான்சம்வேர் என்று பெயர்.

இப்போது நம் நிலை என்ன?

இன்றைக்கு பெரும்பாலான வீடுகளில் வைஃபை ரவுட்டர் நடுவில் நிற்பதால், வெளியிலிருந்து நேராகக் கதவைத் தட்டுவது அந்தக் காலம் போல் சுலபமில்லை. ஆனா ஒரே வைஃபையில் இருக்கும் இன்னொரு கணினி கெட்டுப்போனால், அது உள்ளேயிருந்தே தட்டும்.

இன்னொரு பெரிய கவலை பழைய விண்டோஸ். எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரல் 8-லும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-லும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-லும் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. அதன் பிறகு பிழை கண்டுபிடித்தாலும் வழக்கமான பேட்ச் வராது. விண்டோஸ் 10-க்குக் கூடுதல் காலப் பாதுகாப்பு அப்டேட் வேண்டுமானால் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். அண்ணன், அக்காவிடமிருந்து கைமாறி வந்த பழைய லேப்டாப் வைத்திருக்கும் நண்பர்கள் நம்மில் நிறைய. உங்கள் லேப்டாப் தாங்கும் என்றால் விண்டோஸ் 11-க்கு இலவசமாக மாறலாம். தாங்காது என்றால் உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற இலவச லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம். எழுத, படிக்க, நெட் பார்க்க, பைத்தான் புரோகிராம் எழுத அதுவே தாராளம். புதுசு வாங்க வேண்டும் என்று அப்பாவை நச்சரிக்க வேண்டியதில்லை!

ஆன்டிவைரஸ் இருந்தால் போதாதா?

என் தோழி கேட்ட கேள்வி இது. போதாது. நம் பள்ளிச் சான்றிதழில் 'வலது கன்னத்தில் மச்சம்' என்று அங்க அடையாளம் எழுதுகிறார்கள் அல்லவா? ஆன்டிவைரஸும் தெரிந்த வைரஸ்களின் அங்க அடையாளப் பட்டியலை வைத்துக்கொண்டுதான் முதலில் ஒவ்வொரு ஃபைலையும் சோதிக்கிறது. நேற்று பிறந்த வைரஸின் மச்சம் அந்தப் பட்டியலில் இருக்காது. நடத்தையைப் பார்த்துச் சந்தேகப்படவும் அதற்குத் தெரியும். ஆனால் எல்லா முறையும் சரியாகப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. எனவே பட்டியல் தினமும் புதுப்பிக்கப்பட வேண்டும்.

அதற்காகக் காசு கொடுத்து வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசாஃப்ட் டிஃபென்டர் கூடவே வருகிறது. அது ஆன் ஆக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இரண்டு ஆன்டிவைரஸை ஒன்றாகப் போட்டால் இரட்டைப் பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். இரண்டும் ஒன்றோடொன்று மோதிக் கணினிதான் படுத்துவிடும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. விண்டோஸ் அப்டேட்டை ஆட்டோமேட்டிக்காக வையுங்கள். ரீஸ்டார்ட் கேட்டால் அன்றைக்கே செய்யுங்கள். பிரவுசருக்கும் அப்படியே.

2. 'விண்டோஸ் செக்யூரிட்டி'யைத் திறந்து, ஆன்டிவைரஸ், ஃபயர்வால் இரண்டும் பச்சை டிக் காட்டுகிறதா என்று பாருங்கள்.

3. கிராக் செய்த கேம், சாஃப்ட்வேர் வேண்டவே வேண்டாம். "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு இன்ஸ்டால் பண்ணு" என்று அதிலேயே எழுதியிருப்பார்கள். காவல் நாயைக் கட்டிப் போடச் சொல்லிவிட்டு ஒருவர் வீட்டுக்குள் வந்தால் நாம் விடுவோமா?

4. தினசரி வேலைக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் அக்கவுன்ட் வேண்டாம். சாதாரண அக்கவுன்ட் போதும். தெரியாமல் எதையாவது திறந்தாலும் சேதம் குறையும்.

5. பிரின்ட் எடுக்கப் போகும்போது தனியாக ஒரு பழைய பென் டிரைவில் பி.டி.எஃப். மட்டும் கொண்டு போங்கள். வீட்டுக்கு வந்ததும் ஸ்கேன் செய்யாமல் திறக்காதீர்கள்.

6. தெரிந்தவர் அனுப்பிய ஃபைல் என்றாலும் எதிர்பாராமல் வந்தால் ஒரு போன் போட்டுக் கேளுங்கள். செல்போனிலும் கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் '.ஏ.பி.கே.' ஃபைல் வருகிறது. பத்திரிகை படமாகவோ பி.டி.எஃப். ஆகவோதான் வரும், இன்ஸ்டால் செய்யச் சொல்லாது!

7. முக்கியமானவற்றுக்கு மூன்று நகல் வையுங்கள்: கணினியில் ஒன்று, தனி ஹார்ட் டிஸ்கில் ஒன்று, வீட்டுக்கு வெளியே (கூகுள் டிரைவ் போல) ஒன்று. நகல் எடுத்ததும் ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிடுங்கள். செருகியே வைத்திருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

ஏற்கெனவே வந்துவிட்டால்?

பதற வேண்டாம். முதலில் நெட் இணைப்பைத் துண்டியுங்கள். செருகியுள்ள பென் டிரைவ், ஹார்ட் டிஸ்கை எடுத்துவிடுங்கள். பிறகு முழு ஸ்கேன். அதிலும் போகவில்லை என்றால் டிஃபென்டரில் 'ஆஃப்லைன் ஸ்கேன்' இருக்கிறது. விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே அது சோதிப்பதால், ஒளிந்திருப்பதையும் பிடிக்க வாய்ப்பு அதிகம். இந்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திராவும் 2017 முதல் சுத்தம் செய்யும் கருவிகளை இலவசமாகத் தருகிறது. பாஸ்வேர்டுகளை வேறொரு சுத்தமான கணினியிலிருந்து மாற்றுங்கள். பணம் ஏதாவது போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு வீட்டுப் பெரியவர்களை அழைக்கச் சொல்லுங்கள். முக்கியமாக, அப்பா திட்டுவாரே என்று மறைக்காதீர்கள். நேரம் போகப் போகச் சேதம் கூடும்.

விளையாட்டுக்கு வைரஸ் எழுதிப் பார்க்கலாமா என்று நினைக்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 43, 66 பிரிவுகளின்படி, அடுத்தவர் கணினியில் தீய எண்ணத்துடன் வைரஸ் புகுத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்

நம் ஆய்வகத்துக்கு எல்லா வகுப்பிலிருந்தும் பென் டிரைவ் வருகிறது. அவை அத்தனையும் திரும்ப வீடுகளுக்குப் போகின்றன. வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கணினியை நெட்வொர்க்கில் சேர்க்காமல், வாரம் தவறாமல் அப்டேட் மட்டும் செய்து, 'பென் டிரைவ் சோதனைச் சாவடி' ஆக வைத்தால் என்ன? இங்கே ஸ்கேன் செய்த பிறகே மற்ற கணினியில் செருகலாம் என்று ஒரு விதி. இடைவேளையில் முறை வைத்துப் பார்த்துக்கொள்ள எங்கள் வகுப்பில் ஆறு பேர் தயாராக இருக்கிறோம். சாரும் மிஸ்ஸும் அனுமதி தர வேண்டுகிறோம்.

நண்பர்களே, உங்கள் வீட்டுக் கணினியில் தாத்தாவின் பழைய போட்டோ இருக்கும், தம்பியின் முதல் பிறந்தநாள் வீடியோ இருக்கும், உங்கள் புராஜெக்ட் இருக்கும். கணினி போனால் வேறு வாங்கலாம். இவற்றை எந்தக் கடையில் வாங்குவது? இன்றைக்குச் சாயங்காலம் இரண்டே வேலை செய்யுங்கள்: காத்திருக்கும் அப்டேட்டைப் போடுங்கள், ஒரு நகல் எடுத்து வையுங்கள். வெள்ளம் வருமுன் அணை போடுவோம்!



— பதினொன்றாம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு மாணவி